பழைய டெஸ்க்டாப்பின் ராம் ஸ்லாட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய டெஸ்க்டாப்களைச் சரிபார்த்து ஓட வைப்பது என் தினசரி வேலை. "டிஸ்ப்ளே வரவில்லை" என்று என் மேசைக்கு வருகிற பெட்டிகள் பலவற்றில் ராமும் (கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவக அட்டை) நன்றாக இருக்கும், போர்டும் (பாகங்கள் எல்லாம் மாட்டுகிற மதர்போர்டு) நன்றாக இருக்கும், இரண்டும் தொட்டுக்கொள்கிற ஸ்லாட்டில்தான் கோளாறு இருக்கும். அதைப் பார்க்காமலேயே நல்ல போர்டை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம். திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

சிஸ்டம் ஆன் ஆகிறது, ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே மட்டும் வரவில்லை. ராம் போய்விட்டதா?

அவ்வளவு சீக்கிரம் முடிவு கட்டாதீர்கள். முதலில் பீப் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். அவார்டு பயாஸ் (கம்ப்யூட்டரை எழுப்பி, பாகங்களைச் சோதிக்கிற நிரல்) உள்ள போர்டுகளில் ராம் கிடைக்காவிட்டால் நீளமான பீப் விட்டு விட்டு வந்துகொண்டே இருக்கும், ஏஎம்ஐ பயாஸில் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று பீப் வரும். பல கேபினட்களில் ஸ்பீக்கரே இருக்காது, அதனால் போர்டு கத்துவது நமக்குக் கேட்காது. போர்டில் ஸ்பீக்கருக்கென்று இருக்கிற நான்கு பின்னில் செருகுகிற குட்டி ஸ்பீக்கர் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும், ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கர் மாட்டியதும் ஒரு சோதனை. எல்லா ராமையும் கழட்டிவிட்டு ஆன் செய்யுங்கள். பீப் வந்தால் அது நல்ல செய்தி: புராசசர் ஓடுகிறது, பயாஸ் ஓடுகிறது, ராமைத் தேடிப் பார்த்து இல்லை என்று சொல்கிறது. ராமை மாட்டிய பிறகும் அதே பீப் என்றால் ராமையோ ஸ்லாட்டையோ பார்க்க வேண்டும். ராம் இல்லாத நிலையில் சத்தமே இல்லை என்றால் ராமை விட்டுவிட்டு பவர் சப்ளை, புராசசர், போர்டு பக்கம் போங்கள்.

கழட்டி மாட்டினால் ஏன் சரியாகிவிடுகிறது? அப்புறம் ஏன் மறுபடி வருகிறது?

ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் வரிசையாக மெல்லிய உலோக நாக்குகள் நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு ஸ்ப்ரிங். ராமின் விளிம்பை இரண்டு பக்கமிருந்தும் அவை கிள்ளிப் பிடிக்கின்றன, ஒரு டிடிஆர்3 (ராமில் ஒரு தலைமுறை) ஸ்லாட்டில் இப்படி 240 இடங்களில் உலோகத்தை உலோகம் தொட வேண்டும். சிஸ்டம் ஓடும்போது சூடாகிறது, அணைத்தால் ஆறுகிறது, இந்த விரிந்து சுருங்கலில் அந்தத் தொடுபுள்ளிகள் மயிரிழை அளவு நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த இடத்தில் தூசியும் ஈரமும் சேர்ந்தால் மெல்லிய படலம் படியும். ராமின் பின்கள் தங்க முலாம் பூசியவைதான், தங்கம் களிம்பு ஏறாது, ஆனால் முலாம் மிக மெல்லியது. தேய்ந்த இடத்திலும் நுண்ணிய துளைகளிலும் அடியில் இருக்கிற செம்பு எட்டிப் பார்க்கும், அதற்குக் களிம்பு ஏறும்.

கழட்டி மாட்டும்போது அந்த நாக்குகள் படலத்தைச் சுரண்டிவிடுகின்றன, அதனால் சிஸ்டம் உயிர் பெறுகிறது. சுத்தம் செய்யாமல் வெறுமனே கழட்டி மாட்டினால் அழுக்கு அங்கேயேதான் இருக்கும், சில வாரங்களில் மறுபடி அதே கதை. மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் இது சீக்கிரமே திரும்பி வரும்.

அதற்காக அடிக்கடி கழட்டி மாட்டுவதும் நல்லதல்ல. டிடிஆர்3 ஸ்லாட்களின் விவரத் தாள்களில் 25 முறை செருகி எடுக்கலாம் என்ற அளவைப் பார்க்கலாம். 26-ஆவது முறை உடைந்துவிடும் என்று பொருளல்ல, ஆனால் அது தினமும் செருகிப் பிடுங்குகிற பென் டிரைவ் போர்ட் இல்லை. ஒரு முறை கழட்டினால் ஒழுங்காகச் சுத்தம் செய்துவிட்டு மாட்டுங்கள்.

எப்படிச் சுத்தம் செய்வது? ரப்பரால் தேய்த்தால் போதுமா?

ராமுக்கு ரப்பர் சரி. பென்சில் அழிக்கிற மிருதுவான வெள்ளை ரப்பர்தான், பேனா மை அழிக்கிற சொரசொரப்பான ரப்பர் முலாமையே எடுத்துவிடும். ராமின் பின்கள் மேல் லேசாக, வெளிப்பக்கமாகத் தேயுங்கள். கேபினட்டுக்கு மேலே வைத்துத் தேய்க்கவே கூடாது, ரப்பர் துகள் நேராக ஸ்லாட்டுக்குள் விழும். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட, நூல் பிரியாத துணியால் துடைத்துக் காய விடுங்கள். உப்புத்தாள், பிளேடு இரண்டும் பக்கத்தில்கூட வரக் கூடாது.

ஸ்லாட்டைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கேமரா லென்ஸுக்குப் பயன்படுத்துகிற ரப்பர் ஊதியால் முதலில் தூசியை ஊதுங்கள், வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போய் உட்காரும். அப்புறம் மிருதுவான புது பிரஷ்ஷை ஆல்கஹாலில் நனைத்து, உதறிவிட்டு, ஸ்லாட்டின் நீளவாக்கில் நான்கைந்து முறை ஓட்டுங்கள். அழுத்த வேண்டாம். நன்றாகக் காய்ந்ததும் ராமை இரண்டு மூன்று முறை செருகி எடுத்து, கடைசியாக மாட்டுங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கிற கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயும் நல்லதுதான். பெட்ரோல், சானிடைசர், தேங்காய் எண்ணெய் எல்லாம் போட்டுப் பார்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

பஞ்சும் வேண்டாம். ஒரு ஜெராக்ஸ் கடையிலிருந்து எச்61 சிப்செட் (புராசசரை மற்ற பாகங்களோடு இணைக்கிற சிப்) உள்ள போர்டு ஒன்று வந்தது. வேறொரு இடத்தில் சர்வீஸ் பார்த்துவிட்டு, போர்டு போய்விட்டது, புதுசு போடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இரண்டு ஸ்லாட்டில் ஒன்றில் மட்டும் எந்த ராமும் எடுக்கவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, ராமின் விளிம்பில் இருக்கிற வெட்டு பொருந்துகிற இடத்துக்கு வலது பக்கம் ஒரு நாக்கின் நுனியில் வெள்ளையாக ஒரு இழை சுற்றிக் கிடந்தது. யாரோ காது குடைகிற பஞ்சுக் குச்சியால் சுத்தம் செய்திருக்கிறார்கள், இழை மாட்டிக்கொண்டது, அதற்கு மேலேயே ராமைச் செருகியதில் அந்த ஒரு நாக்கு ராமைத் தொடவே இல்லை. மெல்லிய டுவீசரால் இழையை எடுத்ததும் ஸ்லாட் வேலை செய்தது. புது போர்டுக்கான பணம் அந்தக் கடைக்காரருக்கு மிச்சம்.

கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்துவிட்டால் போதாதா? பிளக்கையும் பிடுங்க வேண்டுமா?

கட்டாயம் பிடுங்க வேண்டும். ஏடிஎக்ஸ் பவர் சப்ளை ஷட்டவுனுக்குப் பிறகும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரத்தைப் போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சிஸ்டத்தை ஸ்லீப்பில் போட்டிருந்தால் ராமுக்கும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும், அந்த நிலையில் ராமை உருவினால் ராம், ஸ்லாட், போர்டு எது வேண்டுமானாலும் போகலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை ஐந்தாறு வினாடி அழுத்திப் பிடியுங்கள், போர்டில் எரிகிற குட்டி விளக்கு அணையும். அதற்குப் பிறகு கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு ராமைத் தொடுங்கள்.

என் போர்டில் எந்த ராம் போகும் என்று பார்த்தே சொல்ல முடியுமா?

முடியும். எஸ்டிராம் முதல் டிடிஆர்4 வரை டெஸ்க்டாப் ராமின் நீளம் ஒன்றுதான், சுமார் 133 மில்லிமீட்டர். வித்தியாசம் பின் எண்ணிக்கையிலும், விளிம்பில் இருக்கிற வெட்டு எங்கே விழுகிறது என்பதிலும்தான்.

பென்டியம் 2, 3 காலத்து எஸ்டிராமில் 168 பின், இரண்டு வெட்டு, 3.3 வோல்ட். டிடிஆரில் 184 பின், ஒரே வெட்டு, 2.5 வோல்ட். டிடிஆர்2-வும் டிடிஆர்3-யும்தான் ஆளைக் குழப்பும், இரண்டிலும் 240 பின். பின்னை எண்ணிப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்: ஒரு முகத்தில் இருக்கிற 120 பின்களை டிடிஆர்2-வின் வெட்டு 64, 56 என்று பிரிக்கும், கிட்டத்தட்ட நடுவில். டிடிஆர்3-யின் வெட்டு 72, 48 என்று பிரிக்கும், ஒரு பக்கமாக நன்றாக ஒதுங்கி இருக்கும். டிடிஆர்2-வுக்கு 1.8 வோல்ட், டிடிஆர்3-க்கு 1.5 வோல்ட், டிடிஆர்3எல் என்றால் 1.35 வோல்ட், ஆனால் அது 1.5 வோல்ட் ஸ்லாட்டிலும் ஓடும். டிடிஆர்4-இல் 288 பின், விளிம்பு நடுவில் கொஞ்சம் கீழே இறங்கி வளைந்திருக்கும்.

ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் போர்டிலேயே எழுதியும் இருக்கும், தூசியைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். ராம் ஸ்டிக்கரில் பிசி2-6400, பிசி3-10600 என்று பெரிய எண் இருந்தால் எட்டால் வகுங்கள், 800, 1333 என்று வேகம் கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். வேகம் கொஞ்சம் கூடுதலான ராமைப் போடலாம், போர்டின் வேகத்துக்கு அது இறங்கி வரும்.

சில போர்டுகளில் டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டு வகை ஸ்லாட்டும் சேர்ந்தே இருக்கும். ஏதாவது ஒரு வகையில் மட்டும்தான் ராம் போட வேண்டும், இரண்டிலும் சேர்த்துப் போட்டு ஆன் செய்யாதீர்கள்.

ராமை இடவலம் மாற்றித் திருப்பி மாட்டிவிட்டேன், கருகிய வாசனை வந்தது. என்ன செய்வது?

உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். வெட்டு பொருந்தாவிட்டால் ராம் உட்காராது, ஆனால் பலம் கொடுத்து அழுத்தினால் ஒரு முனை மட்டும் உள்ளே போய்ச் சாய்ந்து நிற்கும், மின்சாரம் போகக் கூடாத பின்னுக்குப் போய்விடும். ராமில் கருப்புப் பொட்டு தெரிந்தால் அந்த ராமை இனி எந்த போர்டிலும் போடாதீர்கள். ஸ்லாட்டில் அதே இடத்தைப் பாருங்கள், பிளாஸ்டிக் உருகி நாக்கை மூடியிருந்தால் அந்த ஸ்லாட் முடிந்தது. பக்கத்து ஸ்லாட்டில் வேறு ராம் போட்டு முயற்சி செய்யலாம், பிழைத்த போர்டுகளும் உண்டு.

சரியாக மாட்டினால் இரண்டு ஓரத்து க்ளிப்பும் தானாகவே எழுந்து ராமின் பக்கவாட்டுப் பள்ளத்தில் "டக்" என்று உட்காரும். க்ளிப்பைக் கையால் இழுத்து மூடி ராமை உள்ளே தள்ளாதீர்கள். இரண்டு கட்டைவிரலாலும் இரு முனையையும் நேராக அழுத்துங்கள், போர்டு ரொம்ப வளைந்தால் நிறுத்திவிட்டு வெட்டைப் பாருங்கள்.

பழைய 486, பென்டியம் போர்டில் ராம் சாய்வாக மாட்டுகிற மாதிரி இருக்கிறதே?

அது சிம் ஸ்லாட். செல்போன் சிம்முக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதில் 30 பின், 72 பின் என்று இரண்டு வகை. 30 பின் மாட்யூல் (ராம் அட்டை) சுமார் 89 மில்லிமீட்டர் நீளம், 72 பின் சுமார் 108. ராமைச் சாய்த்து உள்ளே வைத்து, பிறகு நிமிர்த்தினால் இரண்டு ஓரத்து க்ளிப்பும் பின்னால் வந்து பிடித்துக்கொள்ளும். எடுக்கும்போது இரண்டு க்ளிப்பையும் ஒரே நேரத்தில் வெளிப்பக்கம் லேசாக விலக்கினால் ராம் தானாகவே சாய்ந்துவிடும்.

க்ளிப் உலோகமாக இருந்தால் கவலை இல்லை. பிளாஸ்டிக்காக இருந்தால் முப்பது வருடத்தில் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும், இங்கேதான் நிதானம் வேண்டும். விரல் நகத்தால் அரை மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டராக விலக்குங்கள், அறை குளிர்ச்சியாக இருந்தால் ஹேர் டிரையரால் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள். ஒரு பக்க க்ளிப் உடைந்தே போனால், ராம் பின்னால் சாயாதபடி அந்த வரிசை மாட்யூல்களைச் சேர்த்து ஒரு ரப்பர் பேண்டோ கேபிள் டையோ போட்டு நிறுத்தலாம், நான் செய்து வைத்தவை நன்றாகவே ஓடுகின்றன.

சிம் ஸ்லாட்டில் ஏன் ராமை இரண்டு, நான்கு என்று சேர்த்தே போட வேண்டும்?

புராசசர் ஒரே மூச்சில் எத்தனை பிட் எடுக்கிறதோ அத்தனை பிட்டை ராம் கொடுக்க வேண்டும். 30 பின் சிம் ஒன்று 8 பிட்தான் கொடுக்கும், 386டிஎக்ஸுக்கும் 486-க்கும் 32 பிட் வேண்டும், அதனால் நான்கு. 386எஸ்எக்ஸுக்கு 16 பிட், இரண்டு போதும். 72 பின் சிம் ஒன்றே 32 பிட், 486-க்கு ஒன்று போதும், பென்டியத்தின் 64 பிட்டுக்கு ஜோடி வேண்டும். 168 பின் மாட்யூல் தனியாகவே 64 பிட் கொடுத்ததால் இந்தத் தொல்லை தீர்ந்தது. ஆகவே பென்டியம் போர்டில் ஒரு சிம்மை மட்டும் போட்டுவிட்டு டிஸ்ப்ளே வரவில்லை என்று தவிக்காதீர்கள், ஒரே அளவு, ஒரே வகையில் இரண்டு போடுங்கள்.

சிம்மில் தங்கப் பின், வெள்ளிப் பின் என்று இரண்டு இருக்கிறதே, எதைப் போடுவது?

வெள்ளி மாதிரி தெரிவது வெள்ளீயம். ஸ்லாட்டில் இருக்கிற உலோகம் எதுவோ அதையே போடுங்கள். தங்கமும் வெள்ளீயமும் உரசிக்கொண்டே இருந்தால் வெள்ளீயத் துகள் தங்கத்தின் மேல் ஒட்டி, அங்கேயே ஆக்சைடாகி, கெட்டியான படலமாகப் படிந்துவிடும். போட்ட அன்று எல்லாம் சரியாக இருக்கும், மாதக் கணக்கில் ஓடிய பிறகு காரணமே தெரியாமல் ஹேங் ஆகும்.

பென்டியம் 4 போர்டில் ஒரு ஸ்லாட்டில் சிப்பே இல்லாத வெற்று அட்டை இருக்கிறது. தூக்கிப் போடலாமா?

போடாதீர்கள்! அது ராம்பஸ் என்ற வேறு வகை ராம் போடுகிற போர்டு, இன்டெல் 850 சிப்செட்டாக இருக்கும். ரிம் என்று பெயருள்ள இந்த 184 பின் ஸ்லாட்களில் சிக்னல் ஒரு மாட்யூலுக்குள் நுழைந்து வெளியே வந்து அடுத்ததற்குப் போகும், வழியில் ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால் பாதை அறுந்துவிடும். அந்த வெற்று அட்டை பாதையை இணைக்கிறது. அது இல்லாமல் சிஸ்டம் ஆன் ஆகாது, தொலைத்துவிட்டால் இப்போது தேடிக் கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

ராம் நன்றாக இருக்கிறது, ஒரு ஸ்லாட் மட்டும் எடுக்கவே இல்லை. ஸ்லாட் செத்துவிட்டதா?

முதலில் குறுக்கு மறுக்காகச் சோதியுங்கள். ஒரே ஒரு ராம், ஒவ்வொரு ஸ்லாட்டாக. அப்புறம் அடுத்த ராம், மறுபடி ஒவ்வொரு ஸ்லாட்டாக. ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதுங்கள், மனதில் வைத்துக்கொண்டால் மூன்றாவது சுற்றில் குழம்பிவிடும். ராமோடு கோளாறு நகர்ந்தால் ராம், ஸ்லாட்டோடு நின்றுவிட்டால் ஸ்லாட். டிஸ்ப்ளே வந்து பிறகு ஹேங் ஆகிற கேஸ் என்றால் மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓட விடுங்கள்.

ஸ்லாட்தான் என்று தெரிந்த பிறகும் ஸ்லாட்டையே குற்றம் சொல்ல முடியாது. பழைய இன்டெல் போர்டுகளில் ராமைக் கட்டுப்படுத்துகிற பகுதி போர்டின் சிப்செட்டில் இருந்தது. ஏஎம்டி 2003-இல் அத்லான் 64-ஓடும், இன்டெல் 2008-இல் முதல் கோர் ஐ7-ஓடும் அதைப் புராசசருக்குள் கொண்டுபோய்விட்டன. அதனால் எச்61 மாதிரி போர்டில் ராம் ஸ்லாட்டிலிருந்து போகிற கம்பிகள் நேராகப் புராசசர் சாக்கெட்டுக்குத்தான் போகின்றன. அந்த சாக்கெட்டில் மயிர் மாதிரி நிற்கிற பின்களில் ஒன்று வளைந்திருந்தாலும் ஒரு ஸ்லாட் முழுசாகச் செத்தது போலத் தெரியும். கூலரை ஒரு பக்கமாக இறுக்கினாலும் இதே கோளாறு வரும். யாராவது சமீபத்தில் தெர்மல் பேஸ்ட் மாற்றினார்களா என்று கேளுங்கள், ஆமாம் என்றால் கூலரைத் தளர்த்தி, நான்கு மூலையிலும் எதிரெதிராகச் சமமாக இறுக்கிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் புராசசரைத் தூக்கி, டார்ச்சைச் சாய்த்து அடித்து, பின் வரிசையில் எங்கே பளபளப்பு மாறுகிறது என்று பாருங்கள்.

என் போர்டில் எத்தனை ஜிபி வரை போடலாம்?

ஸ்லாட் காலியாக இருக்கிறது என்பதற்காகப் போட முடியாது, சிப்செட் எல்லை வைத்திருக்கும். இன்டெல் 815 என்றால் 512 எம்பிதான். 945ஜி, ஜி31 இரண்டிலும் 4 ஜிபி. ஜி41-இல் 8 ஜிபி. எச்61-இல் 16 ஜிபி. பழைய பென்டியம் 430டிஎக்ஸ் (430TX) போர்டில் 64 எம்பிக்கு மேல் போட்டால் மேலே இருக்கிற பகுதிக்கு கேஷ் (வேகமான சிறு நினைவகம்) கிடைக்காது, ராம் கூடினாலும் சிஸ்டம் மெதுவாகும்.

சிப் அடர்த்தி, அதாவது ஒரு சிப்புக்குள் எவ்வளவு நினைவகம் இருக்கிறது என்பது, இன்னொரு வில்லங்கம். 1998-இல் வந்த 440பிஎக்ஸ் போர்டில் 8 சிப் மட்டும் உள்ள 256 எம்பி ராமைப் போட்டால் பாதிதான் காட்டும், 16 சிப் உள்ளது முழுசாகக் காட்டும். ஜி41-இலும் அதேதான்: 4 ஜிபி டிடிஆர்3 வாங்கினால் இரண்டு முகத்திலும் சேர்த்து 16 சிப் இருக்கிறதா என்று எண்ணி வாங்குங்கள், 8 சிப் உள்ளது எடுக்காது. சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் பழைய ராம் வாங்கும்போது கடைக்காரரிடம் போர்டின் சிப்செட் பெயரைச் சொல்லுங்கள்.

945ஜி-யில் 4 ஜிபி போட்டு, 3.2 ஜிபி சொச்சம்தான் காட்டுகிறது என்று பதறாதீர்கள். மேல் பகுதி முகவரிகளை கிராபிக்ஸ் போன்றவை எடுத்துக்கொள்கின்றன, 64 பிட் விண்டோஸ் போட்டாலும் அது திரும்பி வராது, ஸ்லாட்டில் கோளாறு எதுவும் இல்லை.

ஆன்லைனில் ரொம்ப மலிவாக 4 ஜிபி டிடிஆர்2 கிடைக்கிறதே?

ஏஎம்டிக்கு மட்டும் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இன்டெல் சிப்செட்டில் ஓடாது. அதே மாதிரி சர்வரிலிருந்து கழட்டிய ராமும் மலிவாக வரும், ஸ்லாட்டில் அழகாக உட்காரும், ஆனால் சாதாரண டெஸ்க்டாப்பில் டிஸ்ப்ளே வராது. ஸ்டிக்கரில் பிசி3-10600 போன்ற எண்ணை ஒட்டி ஆர் என்ற ஆங்கில எழுத்து இருந்தாலோ, சிப் வரிசைக்கு நடுவில் வேறு அளவில் ஒரு சிப் இருந்தாலோ அது சர்வர் ராம். யு என்ற எழுத்து இருப்பதுதான் உங்களுக்கு வேண்டியது.

உடைந்த ஸ்லாட்டை மாற்ற முடியுமா?

முடியும், ஆனால் 240 பின்னையும் ஒரே நேரத்தில் சூடாக்கி எடுத்து, பல அடுக்கு போர்டில் ஒரு துளையும் கெடாமல் புதுசு சால்டர் செய்ய வேண்டும். கூலி பெரும்பாலும் இன்னொரு பழைய போர்டின் விலையைத் தாண்டிவிடும். 486 மாதிரி மறுபடி கிடைக்காத போர்டு என்றால் மட்டும் செய்யலாம். க்ளிப் மட்டும் உடைந்திருந்தால் எதையும் மாற்ற வேண்டாம், நின்றபடி இருக்கிற கேபினட்டில் ராமைச் சரியாக அழுத்தி உட்கார வைத்தால் நாக்குகளே பிடித்துக்கொள்ளும். பெட்டியை வேறு ஊருக்குத் தூக்கிப் போகும்போது மட்டும் ராமைக் கழட்டித் தனியாக எடுத்துச் செல்லுங்கள்.

காலியாக இருக்கிற ஸ்லாட்டில் தூசி போகாமல் எப்படி வைத்திருப்பது?

உள்ளே காகிதமோ அட்டையோ செருகாதீர்கள், அதன் தடிமன் நாக்குகளை விரித்துவிடும், ஈரத்தையும் இழுக்கும். ஸ்லாட்டின் மேல்வாயை மூடுகிற மாதிரி பெயின்டர்கள் ஒட்டுகிற காகித டேப்பை ஒரு துண்டு நீளவாக்கில் ஒட்டினால் போதும். வருடம் ஒரு முறை கேபினட்டைத் திறக்கும்போது பழைய டேப்பை மெதுவாக உரித்துவிட்டுப் புதுசு ஒட்டுங்கள், ரொம்ப நாள் விட்டால் பசை பிளாஸ்டிக்கிலேயே தங்கிவிடும்.